பரிசோதனையில் தெரியாத வலி



“ஹஜ்ரத், எக்ஸ்ரே எடுத்தோம், இரத்தமும் சோதித்தோம். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனாலும் உடம்பெல்லாம் வலிக்கிறது என்கிறாள். நடிக்கிறாளோ?” ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் தம் மனைவியைப் பற்றி இவ்வாறு கேட்டார். இக்கேள்வி பல வீடுகளில் உலவுவதால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஃபைப்ரோமயால்ஜியா என்றொரு நோய் உண்டு. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கால் என உடலெங்கும் பரவி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, உறங்கி எழுந்தாலும் தீராத அசதி, மறதி ஆகியன இதன் அடையாளங்கள். ஏறத்தாழ நூறு பேரில் 2 முதல் 4 பேரை இது பாதிக்கிறது. அவர்களில் பெண்களே மிகுதி. மூட்டுகள் வீங்குவதில்லை, எக்ஸ்ரேயில் எதுவும் தெரிவதில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பு 1990இல் வகுத்த முறைப்படி, உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடங்களில் வலித்தால் இந்நோய் என்பார்கள். 2010இல் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. வலி எங்கெங்கே, உறக்கம் எப்படி என்று நோயாளியிடம் கேட்டறிவதே முதன்மையாயிற்று. ஆம், மருத்துவரே அவருடைய சொல்லை நம்புகிறார், வீட்டார்தாம் நம்புவதில்லை!

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒலியளவைக் கூட்டிவிட்டால் மெல்லிய இருமலும் இடியாகக் கேட்குமல்லவா? இந்நோயில் மூளையும் நரம்புகளும் வலியை அவ்வாறே பெருக்கிவிடுகின்றன. பிறருக்கு வெறும் அழுத்தமாகத் தோன்றுவது இவர்களுக்கு உண்மையிலேயே வலியாகிறது.

மனவுளைச்சல் இங்கேதான் நுழைகிறது. அச்சமும் துயரமும் ஓயாத சச்சரவும் நரம்புகளை விழிப்பிலேயே வைத்திருக்கின்றன. ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுக்கின்றன. 1975இல் கனடாவின் மோல்டாஃப்ஸ்கி என்னும் மருத்துவர், நலமாயிருந்தவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடல்வலி தோன்றியது. வலி கவலையைத் தர, கவலை உறக்கத்தைக் கெடுக்க, மீண்டும் வலி கூடுகிறது. எனினும் மனவுளைச்சல் மட்டுமே காரணமன்று. பரம்பரைக்கும் பங்குண்டு, சிலருக்கு விபத்திற்குப் பின்னரும் இது தொடங்குகிறது. ஆகவே “எல்லாம் உன் மனப்பிரமை” என்பது அறியாமை. மகனைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை அறிந்த நமக்கு, துயரம் உடலைத் தொடும் என்பது புதிய செய்தியா என்ன?

தைராய்டு போன்ற வேறு குறை உண்டா என மருத்துவர் முதலில் பார்ப்பார். சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. நரம்பின் மிகையுணர்வைத் தணிக்கும் மருந்துகளை அவரே தேர்ந்து தருவார். 2017இல் ஐரோப்பிய மருத்துவ வல்லுநர்கள் மிக உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சியையே. பத்து நிமிட நடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மனநல ஆலோசனையும் பலருக்குப் பயன் தருகிறது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. செய்வினை என்று தாயத்துக்குப் பணம் கொடுப்பவர்களை என்ன சொல்வது! குனிய இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழுதால், சோம்பல் என்று ஏசாதீர்கள்.

அச்சகோதரரிடம், மூட்டுவாத மருத்துவரிடம் மனைவியை அழைத்துச் செல்லுமாறு கூறினேன். அதுவரை இரவில் பாத்திரம் கழுவும் வேலையைத் தாமே ஏற்று, இஷா தொழுததும் அவரை உறங்க விடுமாறும் சொன்னேன். சற்று நேரம் தலை குனிந்திருந்தவர், “அவள் கேட்டதும் அதைத்தான், ஹஜ்ரத்” என்றார்.