மலையில் நிலம் விற்பனைக்கு

மூணாறு கடைவீதி. டீக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்கள் இரவு வகுப்புக்கு வரும் பெரியம்மா ஒருவர் அதன் முன்னால் நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார். நேரம் ஆனது. ஆனாலும் முழுவதும் படித்துவிட்டார்.

அதில் இப்படி இருந்தது:

"விற்பனைக்கு! 12 ஏக்கர் மலைநிலம். அருமையான காட்சி. பூங்கா, படகுத்துறை, அருவி எல்லாம் பக்கத்தில். ரோடு வசதி உண்டு. சிறு பாகமாகவும் தரப்படும். முந்துங்கள்!"

அன்று இரவு வகுப்பில் பெரியம்மா கேட்டார்: "தம்பி, சிறு பாகமாகவும் தரப்படும் என்றால், ஐந்து சென்ட்டும் தருவார்களா?"

ஏன் கேட்டார் தெரியுமா? பெரியம்மா 30 வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். அடுத்த வருடம் ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே வீடும் இல்லை, காடும் இல்லை. பெரியம்மா பிறந்தது இந்த மலையில். பிள்ளைகள் பிறந்ததும் இந்த மலையில். வேறு எங்கே போவது?

கையில் என்ன வரும்? பணிக்கொடை வரும். ஒரு வருட வேலைக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. 30 வருடத்துக்கு எவ்வளவு? பலகையில் எழுதிப் பெருக்கினோம். 450 நாள் கூலி. அதோடு பிஎஃப் பணம். அவ்வளவுதான். அதை ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும்.

ஆகவே அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். அந்த நோட்டீசையே பாடமாக எடுத்தோம். ஒவ்வொரு சொல்லாகப் படித்தோம். நீங்களும் எங்களோடு படியுங்கள்.

"12 ஏக்கர்." ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. ஆகவே 12 ஏக்கர் என்பது 1,200 சென்ட். கேரளத்துப் பத்திரங்களில் ஏக்கர், சென்ட் என்று மட்டும் இருக்காது. ஹெக்டேர், ஆர் என்றும் இருக்கும். ஓர் ஆர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட். இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் ஐந்து சென்ட் என்று சொல்லி நாலு சென்ட் எழுதினாலும் நமக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மலையில் 12 ஏக்கர் இருந்தால் 12 ஏக்கரிலும் வீடு கட்ட முடியாது. பாதி செங்குத்தாக இருக்கும். கொஞ்சம் பாறை. கொஞ்சம் ஓடை. வீடு கட்டும் அளவுக்குச் சமமான இடம் ஓர் ஏக்கர் இருந்தால் அதிகம். அந்த ஓர் ஏக்கர் யாருக்குப் போகும்? காசு உள்ளவருக்குப் போகும். ஐந்து சென்ட் கேட்பவருக்குச் சரிவுதான் வரும்.

"அருமையான காட்சி." காட்சி எங்கிருந்து நன்றாகத் தெரியும்? சரிவின் விளிம்பிலிருந்து. சுற்றுலா வருபவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நாம் அங்கே ஆடி மழையில் தூங்க வேண்டும்.

பெட்டிமுடியை நாங்கள் மறக்க முடியாது. 2020-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு. விடாத மழை. மேலேயிருந்து மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். எல்லோரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலையில் வயநாட்டிலும் மலை இறங்கியது. முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்கள் அழிந்தன.

ஆகவே நிலம் பார்க்கப் போனால் மழைக்காலத்தில் போங்கள். வெயில் காலத்தில் எல்லா மலையும் அழகுதான். நிலத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? மண்ணில் வெடிப்பு இருக்கிறதா? புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வருகிறதா? ஓடையை மண் போட்டு மூடியிருக்கிறார்களா? ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஓடை தன் வழியை மறக்காது.

"பூங்கா, படகுத்துறை, அருவி எல்லாம் பக்கத்தில்." இது உண்மையாக இருக்கலாம். இரவிகுளம் தேசியப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. வரையாடுகள் உள்ள இடம். மாட்டுப்பட்டி அணையில் படகு விடுகிறார்கள். ஆனால் பூங்காவுக்குப் பக்கம் என்றால் காட்டுக்குப் பக்கம். காட்டுக்குப் பக்கம் என்றால் யானைக்குப் பக்கம்.

சின்னக்கானலில் 301 காலனி என்று ஓர் இடம் இருக்கிறது. 2002-03 வாக்கில் நிலம் இல்லாத 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அரசு அங்கே நிலம் கொடுத்தது. அது யானை நடமாடும் இடம். வீடுகளை யானை இடித்தது. ஆட்களும் இறந்தார்கள். பல குடும்பங்கள் நிலத்தை விட்டே போய்விட்டன. அரிசிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒரு யானையைக் கொண்டு போகலாம். எல்லா யானையையும் கொண்டு போக முடியுமா?

"ரோடு வசதி உண்டு." ரோடு இருக்கும். ஆனால் அது யாருடைய ரோடு? தோட்டக் கம்பெனியின் ரோடாக இருக்கலாம். பக்கத்துக்காரர் இடமாக இருக்கலாம். நாளை அவர் கேட் போட்டுப் பூட்டினால் நாம் பறந்தா போவது? நடக்கவும் வண்டி போகவும் உரிமை உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். எத்தனை அடி அகலம் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

"சிறு பாகமாகவும் தரப்படும்." இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 12 ஏக்கரில் 'ஒரு பங்கு' என்று எழுதிக் கொடுப்பார்கள். எந்த மூலை, எந்த எல்லை என்று இருக்காது. அப்படி வாங்காதீர்கள். அளந்து கல் நட வேண்டும். நாலு எல்லையும் பத்திரத்தில் வர வேண்டும். பதிவுக்குப் பிறகு வில்லேஜ் ஆபீசில் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். அதைக் கேரளத்தில் போக்குவரவு என்பார்கள். பிறகு நம் பெயரில் கரம் கட்டி ரசீது வாங்க வேண்டும். கரம் என்றால் நிலவரி.

கரம் ரசீது இருந்தால் நிலம் நமக்குச் சொந்தமா? இல்லை. வரி கட்டினோம் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சொந்தம் என்பதற்குப் பட்டயம் வேண்டும், ஆதாரம் வேண்டும்.

இந்த இடத்தில் பெரியம்மா குறுக்கிட்டார். "புரோக்கர் பட்டயம் காட்டினாரே! முத்திரை இருந்ததே!"

சரியான கேள்வி. இதற்கு மூணாற்றின் பழைய கதை தெரிய வேண்டும்.

1877-ஆம் ஆண்டு பூஞ்சாற்று ராஜா கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். பிறகு அங்கே தேயிலை வந்தது. நம் பாட்டன் பூட்டன் கங்காணி பின்னால் மலை ஏறியதும் அந்தத் தேயிலைக்காகத்தான். 1971-இல் கேரள அரசு ஒரு சட்டம் போட்டு இந்த நிலத்தைத் திரும்ப எடுத்தது. தேயிலைக்கு வேண்டியதைக் கம்பெனியிடம் விட்டது. மற்றது அரசு நிலம். அதனால் மூணாற்றைச் சுற்றித் தனியார் விற்கக்கூடிய நிலம் குறைவு. யாராவது 12 ஏக்கர் விற்கிறேன் என்றால், 'உங்களுக்கு எப்படி வந்தது?' என்பதுதான் முதல் கேள்வி.

ஏழைகளுக்கு அரசு பட்டயம் கொடுத்தது உண்மை. பயிர் செய்யவும் குடியிருக்கவும் கொடுத்தது. அதில் நிபந்தனைகள் உண்டு. இத்தனை வருடம் விற்கக் கூடாது என்று இருக்கலாம். பயிருக்கு மட்டும் என்று இருக்கலாம். நிபந்தனை பட்டயத்திலேயே எழுதியிருக்கும். முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. எழுத்தையும் படிக்க வேண்டும்.

முத்திரை இருந்தும் செல்லாத பட்டயங்கள் உண்டு. 1999-இல் தேவிகுளம் தாலுகாவில் 530 பட்டயங்கள் கொடுக்கப்பட்டன. கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஆனது. அந்தப் பட்டயங்களை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. அவற்றை வைத்திருந்தவர்களில் சாதாரணக் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் செய்த தவறு என்ன? ஆபீசில் கொடுத்த தாளை நம்பியதுதான். எனக்கு இது இன்றும் நியாயமாகப் படவில்லை.

நிலம் சரியாக இருந்தாலும் வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும். மூணாறு பகுதியில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டக் கூடாது என்று 2010-இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பு, 2007-இல், சட்டத்துக்கு மாறாகக் கட்டியவை என்று பெரிய பெரிய விடுதிகளையே இயந்திரம் வைத்து இடித்தார்கள். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே பஞ்சாயத்தில் கேளுங்கள். 'இந்தச் சர்வே எண்ணில் வீடு கட்டலாமா?' என்று எழுதிக் கேளுங்கள்.

இந்தக் கவலை மூணாற்றில் மட்டும் இல்லை. காட்சி உள்ள மலை எங்கும் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 118-ஆவது பிரிவின்படி, அந்த மாநிலத்து விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் அங்கே நிலம் வாங்க முடியாது. உத்தரகண்டில் 2025-இல் புதுச் சட்டம் வந்தது. 13 மாவட்டங்களில் 11-இல் வெளி மாநிலத்தவர் விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்கக் கூடாது. மலைக்காரர் நிலத்தை விற்றுவிட்டு அதே நிலத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் நிலை வரக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம்.

கடைசிச் சொல், "முந்துங்கள்!"

பெரியம்மாவின் அண்ணன் முன்பு ஒரு தடவை முந்தினார். வேறு ஒரு நிலத்துக்கு முன்பணம் கொடுத்தார். ரசீது வாங்கவில்லை. 'நாளைக்கு வேறு ஆள் வருகிறார்' என்று சொன்னார்கள். நாளைக்கு யாரும் வரவில்லை. பணம் வாங்கியவரும் வரவில்லை.

பெரியம்மா முந்தவில்லை. லயத்தில் இன்னும் ஆறு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார். ஏழு பேரும் புரோக்கரிடம் போனார்கள். ஆதாரத்தின் நகலும், அதற்கு முந்திய ஆதாரத்தின் நகலும், சர்வே எண்ணும் கேட்டார்கள். அவர் முதலில் சிரித்தார். "உனக்கு எதுக்கம்மா அதெல்லாம், படிக்கவா போறே?" என்றார்.

"ஆமா, படிக்கத்தான்" என்றார் பெரியம்மா.

இரண்டு வாரம் இழுத்துச் சர்வே எண் மட்டும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். மனுவைத் தமிழில் எழுதினோம். இங்கே ஒரு செய்தியை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். கேரளத்தில் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் கேட்கலாம். 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. பெரியம்மா கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்தது. அந்த எண்ணில் பாதிக்கு மேல் அரசு நிலம். மீதி பயிருக்குக் கொடுத்த பட்டய நிலம்.

நோட்டீஸ் இன்னும் சுவரில் இருக்கிறது. புதிதாக ஒன்றை அதன் மேல் ஒட்டியிருக்கிறார்கள். இப்போது '12 ஏக்கர்' என்பது '10 ஏக்கர்' என்று இருக்கிறது.

ஏழு குடும்பங்களும் இன்னும் இடம் தேடுகின்றன. போன வாரம் பெரியம்மா வேறு ஓர் ஆதாரத்தின் நகலைக் கொண்டு வந்தார். மறையூர்ப் பக்கம், சின்ன இடம், காட்சி ஒன்றும் கிடையாது. ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பையன் ஒருவன் உரக்க வாசிக்கிறான். நாங்கள் தமிழில் எழுதிக்கொள்கிறோம். கிழக்கு எல்லையும் தெற்கு எல்லையும் முடிந்தன. மேற்கு எல்லையில் ஓர் ஓடை வருகிறது. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.