அப்பாவோட மீன் குளத்துக்கு பர்சனல் லோன் போடலாமா? கொடுவா மீன் சொல்லித் தரும் பணப் பாடம்

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு நிறைய பேசிட்டோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமா, மீன் குளம் பத்திப் பேசலாம். இதுலயும் உங்க சம்பளம் சம்பந்தப்பட்டிருக்கு.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்களுக்கு சிறுசேரியில வேலை. சொந்த ஊர் செய்யூர் பக்கம். அப்பாவுக்கு கழிவெளியை ஒட்டி அரை ஏக்கர்ல ஒரு உவர்நீர் குளம் இருக்கு. ஒருநாள் அப்பா போன் பண்றார்: "பயோபிளாக் டேங்க் போட்டா நல்ல லாபமாம்ப்பா. யூடியூப்ல பார்த்தேன். ஒரு ஏழரை லட்சம் லோன் கிடைக்குமா?"

நீங்க என்ன சொல்வீங்க? வேணாம்னு சொன்னா அப்பா மனசு கஷ்டப்படும். சரின்னு சொன்னா உங்க இஎம்ஐ ஆரம்பிச்சிடும். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கணக்கைப் பார்த்துடலாம்.

குளத்துல இருந்து மாசச் சம்பளம் வராது

ஏழரை லட்சம், 14% வட்டி, 5 வருஷம். மாச இஎம்ஐ சுமார் 17,450 ரூபாய். கையெழுத்து போட்ட அடுத்த மாசமே கட்ட ஆரம்பிக்கணும். ஆனா மீன் மாசா மாசம் பணம் தராது. அறுவடை அன்னைக்குத்தான் தரும். நடுவுல தீவனம், கரண்ட், கூலின்னு செலவு மட்டும்தான்.

பயோபிளாக்ல இன்னொரு விஷயம் இருக்கு. தண்ணியில வெல்லப்பாகு மாதிரி மாவுச்சத்து சேர்த்து நல்ல பாக்டீரியாவை வளர்த்து, மீன் கழிவையே திரும்ப உணவா மாத்தற முறை அது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனா நெருக்கமா மீன் விடுறதால காற்று இயந்திரம் 24 மணி நேரமும் ஓடணும். கரண்ட் போய் ஜெனரேட்டரும் இல்லைன்னா சில மணி நேரத்துல மொத்த டேங்கும் காலி. திலாப்பியா, வனாமி இறால் மாதிரியானதுக்குத்தான் இது பொருந்தும். கொடுவா மாதிரி இரை பிடிச்சுத் தின்னும் மீனுக்கு இது சரிவராது.

அப்படின்னா சின்ன விவசாயிக்கு வேற வழி இருக்கா? இருக்கு. அதை ஈசிஆர்ல போகும்போது நீங்க தாண்டிப் போயிருப்பீங்க.

முட்டுக்காட்டுல போட் ஹவுஸ் மட்டும் இல்ல

வீக்எண்ட்ல மாமல்லபுரம் போற வழியில முட்டுக்காடு வரும். அங்கதான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தோட, அதாவது சிபாவோட, சோதனைப் பண்ணை இருக்கு. 1987-ல தொடங்கின மத்திய அரசு நிறுவனம் இது. தலைமை அலுவலகம் சென்னையில.

நம்ம ஊர்ல நல்ல விலை போற மீன் கொடுவா. ஆனா முன்னாடி குஞ்சு வேணும்னா கழிமுகத்துல பிடிச்சாதான் உண்டு. கிடைச்சா கிடைக்கும், இல்லைன்னா இல்லை. 1997-ல சிபா இந்தியாவிலேயே முதல்முறையா கொடுவாவைப் பண்ணையில வச்சே இனப்பெருக்கம் செய்ய வச்சது. 2015-ல பால்மீனையும் அப்படியே சாதிச்சாங்க. அதுக்கப்புறம் குஞ்சுக்காக கடலையே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறிச்சு.

ஆனா குஞ்சு கிடைச்சாலும் சின்ன விவசாயிக்கு ஒரு சிக்கல் இருந்தது. விரல் அளவு கொடுவாவை ஒரு கிலோ ஆக்க 8 முதல் 12 மாசம் ஆகும். அத்தனை மாசமும் பணம் குளத்துக்குள்ள மாட்டிக்கும். நடுவுல வடகிழக்குப் பருவமழை வேற. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது, ஞாபகம் இருக்கா? கரை உடைஞ்சா ஒரு வருஷ முதலீடு ஒரே ராத்திரியில கழிவெளிக்குப் போயிடும்.

ஒரு வருஷ வேலையை ரெண்டா உடைச்சாங்க

இதுக்கான தீர்வு ரொம்ப எளிமையானது. முழு மீனையும் நீயே வளர்க்காதே, முதல் கட்டத்தை மட்டும் செய்.

பொரிப்பகத்துல ஒரு அங்குல அளவுல இளங்குஞ்சு வாங்கறது. குளத்துக்குள்ள கம்பு நட்டு, கொசுவலை மாதிரி சின்னச் சின்ன வலைத் தொட்டி கட்டறது. இதை ஹாப்பான்னு சொல்வாங்க. அதுல சுமார் ரெண்டு மாசம் வளர்த்து, மூணு நாலு அங்குலம் ஆனதும் பெரிய பண்ணைக்காரங்களுக்கு வித்துடறது. செங்கல்பட்டு, திருவள்ளூர் கடலோரத்துல இருளர் குடும்பங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் சிபா கத்துக்கொடுத்த தொழில்கள்ல இதுவும் ஒண்ணு.

நம்ம மொழியில சொன்னா, லாக்-இன் பீரியட் ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு மாசமா குறைஞ்சிடுச்சு. மழைக்கு முன்னாடியே பணத்தை வெளியே எடுத்துடலாம்.

ஆனா ஒரு பிரச்சனை. கொடுவா தன் இனத்தையே தின்னும். ஒரே வயசுக் குஞ்சுகள்லயே பெருசு சின்னதை முழுங்கிடும். அதனால மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு ஒருமுறை எல்லாத்தையும் எடுத்து சைஸ் வாரியா பிரிச்சு வேற வேற ஹாப்பாவுல விடணும். லாபமா நஷ்டமான்னு முடிவு பண்றது பெரும்பாலும் இந்த வேலைதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

கீழ இருக்கற விலை எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டுக்கிட்டது. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கு பண்ணுங்க.

- இளங்குஞ்சு 3,000 × 8 ரூபாய் = 24,000
- தீவனம் = 15,000
- ஹாப்பா 20 × 600 ரூபாய் = 12,000
- மத்த செலவு = 4,000
- மொத்தம் = 55,000 ரூபாய்

ஒரு குஞ்சை 35 ரூபாய்க்கு விக்கறதா வச்சுக்குவோம்.

- 40% பிழைச்சா: 1,200 குஞ்சு, வரவு 42,000. நஷ்டம் 13,000.
- 60% பிழைச்சா: 1,800 குஞ்சு, வரவு 63,000. மிச்சம் 8,000.
- 70% பிழைச்சா: 2,100 குஞ்சு, வரவு 73,500. மிச்சம் 18,500.

ஹாப்பா அடுத்த போகத்துக்கும் வரும். அதனால ரெண்டாவது முறை செலவு 12,000 குறையும். 60% பிழைச்சாலே 20,000 மிச்சம். அதே சமயம், ரெண்டு மாசம் அப்பாவும் அம்மாவும் தினமும் உழைக்கிற உழைப்புக்கு இதுல கூலி போடலை. அதையும் நேர்மையா எழுதிப் பாருங்க.

இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, விலையும் மாறலை, மிஷினும் மாறலை. மாறினது பிழைப்பு விகிதம் மட்டும்தான். அது கைப்பழக்கத்துல வர்றது, லோன் போட்டு வாங்க முடியாது. முதல் போகம் சொதப்பினா நஷ்டம் 13,000. அது ஒரு பாடத்துக்கான ஃபீஸ் மாதிரி, தாங்கிக்கலாம். ஏழரை லட்சம் லோன்ல முதல் போகம் சொதப்பினா?

சரி, பிள்ளையா நீங்க என்ன செய்யலாம்?

1. முதல்ல பயிற்சி, அப்புறம் பணம். அப்பாவை முட்டுக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பயிற்சி எப்போன்னு கேளுங்க. ஒரு நாள் லீவு போட்டு நீங்களும் கூடப் போங்க. குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடியே அதைத் திரும்ப வாங்கற ஆளையும் பேசி வைங்க. வாங்க ஆள் இல்லாத குஞ்சு ஒவ்வொரு நாளும் தீவனத்தைத் தின்னுட்டுதான் இருக்கும்.

2. பர்சனல் லோனுக்குப் பதிலா கிசான் கிரெடிட் கார்டு. 2018-19-ல இருந்து மீன் வளர்க்கறவங்களுக்கும் இது உண்டு. நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் வரைக்கும் வட்டி மானியம். ஒழுங்கா திருப்பிக் கட்டினா வட்டி 4% தான் விழும். ஒரு லட்சத்துக்கு வருஷத்துக்கு 4,000 எங்க, 14,000 எங்க!

3. மானியத்தை நம்பி செலவைத் தொடங்காதீங்க. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல ஏழு டேங்க் கொண்ட சின்ன பயோபிளாக் யூனிட்டுக்கு 7.5 லட்சம்னு மதிப்பு வச்சாங்க. பொதுப் பிரிவுக்கு 40%, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 60% மானியம். ஆனா பெரும்பாலும் முதல்ல உங்க பணம் போகும், மானியம் அப்புறம்தான் வரும். அந்த இடைவெளியைத் தாங்க முடியுமான்னு பாருங்க. இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துல கேட்டுட்டு விண்ணப்பிங்க. கடலோர உவர்நீர்ப் பண்ணைன்னா கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துல பதிவும் வேணும்.

4. குளத்துக்கும் ஒரு எமர்ஜென்சி ஃபண்ட். ஒரு போகத்தோட முழுச் செலவை, நம்ம கணக்குப்படி 55,000-ஐ, தனி ஆர்டியில சேர்த்து வைங்க. மாசம் 5,000 போட்டா ஒரு வருஷத்துக்குள்ள ஆயிடும். லோன் இஎம்ஐ-ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல.

5. நோட்டு போடுங்க. எத்தனை குஞ்சு விட்டோம், எத்தனை செத்துச்சு, எவ்வளவு தீவனம் போச்சு. அப்பா வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், நீங்க எக்செல்ல ஏத்துங்க. உங்களால செய்ய முடியற பெரிய தொழில்நுட்ப உதவி இதுதான்.

கடைசியா ஒரு எச்சரிக்கை

"நீங்க பணம் மட்டும் போடுங்க, மீனை நாங்க வளர்க்கறோம், மாசம் இவ்வளவு நிச்சயம்"னு யாராவது வந்தா, 2012-ல ஈமு கோழி கதை எப்படி முடிஞ்சதுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க. குளத்துல நிச்சய வருமானம்னு ஒண்ணு கிடையாது.

அப்பாகிட்ட "லோன் கிடைக்காதுப்பா"ன்னு சொல்ல வேண்டாம். "முதல்ல 20 ஹாப்பா போடுவோம்ப்பா, செலவு என்னோடது. ரெண்டு போகம் 60 சதவீதத்துக்கு மேல பிழைச்சா அடுத்ததைப் பத்திப் பேசலாம்"னு சொல்லுங்க. அது அவருக்கும் மரியாதை, உங்க சம்பளத்துக்கும் பாதுகாப்பு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு குளமோ, பண்ணையோ இருந்தா கணக்கோட கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்!