பொலிகாளைக்குப் பச்சை

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையை ஊரில் யாரும் கட்டிப்போட மாட்டார்கள். கம்பங்கொல்லைக்குள் புகுந்தாலும், கடலைக்கொடியில் வாய் வைத்தாலும், தடியை ஓங்காமல் ‘போ சாமி’ என்று கையாலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஊர்ப் பசுக்கள் பலவும் அந்த ஒரு காளையை நம்பித்தான் சினைபிடித்தன. ஊருக்குத் தெரிந்த ஒரே சோதனை, அடுத்த ஆண்டு தொழுவத்தில் கன்று துள்ளுகிறதா என்பதுதான். பக்தியால் கிடைத்த அந்த மேய்ச்சல் உரிமைதான் காளையின் வைட்டமின் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அசைபோடும் விலங்குக்கு எல்லா வைட்டமினையும் நாம் ஊட்ட வேண்டியதில்லை. ‘பி’ வகையைப் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து தருகின்றன. ‘சி’யை அதன் ஈரலே செய்துகொள்கிறது. ‘டி’க்கு வெயில் போதும். ‘ஏ’யும் ‘இ’யும் மட்டும் தீவனத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இரண்டுமே பச்சை இலையில் நிறைய உண்டு. வெயிலில் காய்ந்து வெளுத்த வைக்கோலில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் அநேகமாக இருப்பதில்லை.

கொங்கு நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த காங்கேயம் காளைக்கும் இதே கணக்குதான். மழைக்குத் தளிர்க்கும் கொழுக்கட்டைப் புல்லை அது மேய்ந்து தீர்க்கும். ஈரல் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைக்கும். நன்றாக மேய்ந்த மாட்டுக்கு அந்தச் சேமிப்பு இரண்டு முதல் நான்கு மாதம் தாங்கும். சாதாரணக் கோடையை அதைக் கொண்டே கடந்துவிடலாம். அடுத்த மழையும் பொய்த்தால்தான் சிக்கல்.

அப்போது முதலில் தெரிவது மாலைக்கண். பொழுது சாய்ந்து தொழுவத்துக்குத் திரும்பும் காளை வாசற்படியில் இடறும், கம்பத்தில் முட்டும். கண்ணில் நீர் வடியும், மயிர் சொரசொரக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. விதையில் இருக்கும் மூல உயிரணுக்கள் விந்தணுவாக மாறும் பிரிவுக்குள் நுழைய, வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் உண்டாக்கும் ரெட்டினாயிக் அமிலம் வேண்டும். அது இல்லையென்றால் அவை தொடக்க நிலையிலேயே நின்றுபோகும். விந்தணுவின் எண்ணிக்கை குறையும், தலை கோணியவை பெருகும். காளைக்கு ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 61 நாள், அது முதிர்ந்து வெளிவர மேலும் பத்து நாள் போல ஆகும். ஆகவே இன்று பச்சை போட்டால் நாளைக்கே பலன் தெரியாது. இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு முன்பே எத்தனையோ பசுக்களை மலடு என்று சொல்லி அடிமாட்டுச் சந்தைக்கு ஓட்டியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இன்று செயற்கைக் கருவூட்டலால் பசுவைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஈச்சங்கோட்டை, ஓசூர், உதகமண்டலம் ஆகிய இடங்களின் உறைவிந்து நிலையங்களில் பொலிகாளைகளுக்குப் பசுந்தீவனமும் தாது உப்பும் அளந்து வைக்கிறார்கள். எடுத்த விந்து நுண்ணோக்கியில் தேறினால்தான் உறைவிந்துக் குச்சியில் ஏறும். கால் மில்லி குச்சி ஒன்றில் இரண்டு கோடி விந்தணுக்கள், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும். மருத்துவர் அதை இடுக்கியால் எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, ஈரம் துடைத்து, நுனியை வெட்டிக் கருவூட்டும் கருவியில் பொருத்துகிறார். ‘ஊசி போட்டும் சினை நிக்கலை’ என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் காளை பட்டினி கிடந்ததுதான் காரணம் என்று சொல்வது இப்போது கடினம்.

பச்சை குறைந்துபோனது ஊரில் மிஞ்சிய நாட்டுக் காளைகளுக்குத்தான். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கிவிட்டது. பல காளைகள் கொட்டகையில் நிற்கின்றன. அவற்றை ஆசையோடு வளர்ப்பவர்கள் பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, பால்போல வரும் சாற்றைத் தவிட்டோடு கலந்து வைக்கிறார்கள். அன்றும் இதைத்தான் வைத்தார்கள், ஆனால் வயிறு நிறையப் பச்சையும் இருந்தது. பருத்திக்கொட்டையில் காஸிப்பால் என்றொரு மஞ்சள் நிறப் பொருள் உண்டு. அளவு மீறினால் விந்தணுவின் நடுப்பகுதியைச் சிதைக்கும். 1998இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளங்காளைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். காஸிப்பால் மட்டும் தின்றவற்றில் குறையுள்ள விந்தணுக்கள் கூடின. கூடவே வைட்டமின் இ பெற்றவை பெரும்பாலும் தப்பித்தன. வளர்ந்த மாட்டின் பெருவயிறு காஸிப்பாலின் ஒரு பகுதியைக் கட்டிவிடும் என்பதால் பருத்திக்கொட்டையை ஒதுக்க வேண்டியதில்லை. பச்சையில்லாமல் அதையே முழுத் தீவனமாக்குவதுதான் ஆபத்து என்பது என் கணிப்பு.

வைட்டமின் இ-யைக் கண்டறிந்ததே இனப்பெருக்கத்தின் வழியாகத்தான். 1922இல் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவான்ஸும் கேத்தரின் பிஷப்பும், எலிகளுக்குக் கரு தங்காமல் போவதைப் பார்த்து அதை அடையாளம் கண்டார்கள். பின்னர் அதே குறையால் ஆண் எலிகளின் விதை அழிவதும், பிறகு வைட்டமினைக் கொடுத்தாலும் மீளாததும் தெரியவந்தன. எலிக்கு நடப்பதெல்லாம் மாட்டுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1940களில் மினசோட்டாவில் வைட்டமின் இ மிகக் குறைந்த தீவனத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மாடுகள் கன்று ஈன்றன. ஆனால் சில திடீரென்று இதயம் நின்று செத்தன. மலட்டுத்தன்மைக்கு இ மாத்திரை என்று விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பசுவைப் போலன்றி, வெள்ளாட்டில் இன்றும் பெரும்பாலும் கிடாவை விட்டுத்தான் சினைபிடிக்க வைக்கிறோம். வேலியோரத் தழையை எக்கி எக்கிக் கடித்த கிடா இப்போது பரண்மேல் அடர்தீவனம் தின்கிறது. ஒரு கிடாவை நம்பி இருபது, இருபத்தைந்து பெட்டைகள் இருக்கின்றன. கிடாவுக்கு விந்தணு உருவாக ஏறக்குறைய 48 நாள். மந்தையில் விடுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அகத்தியோ வேலிமசாலோ முருங்கைத் தழையோ தினமும் ஒரு கட்டு அதன் முன் தொங்க வேண்டும்.