அம்பர் மணமும் அதற்கேற்ற மனமும்

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பர் நம் பெரியோர். ஆனால் பூ வாடியதும் நாரின் மணமும் அகன்றுவிடுகின்றது. பிசினின் மணமோ அத்தகையதன்று. மரத்தின் காயத்திலிருந்து கசிந்து, இறுகி, நெடுநாட் கிடந்து, வெம்மை பட்டபோது தன் உள்ளத்தைத் திறந்து காட்டுவது அது. மாலையிற் சாம்பிராணி இட்ட வீட்டில் மறுநாட் காலையிலும் திரைச்சீலைகள் மணப்பதை நாம் அறிவோம். அத்தகைய பிசின்களால் ஆக்கப்படும் ஒரு வாசனை வகையையே மேனாட்டார் ‘அம்பர்’ என அழைக்கின்றனர்.

இப்பெயரிலே ஒரு மயக்கம் உண்டு. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரைசேரும் பொருளை அராபியர் ‘அன்பர்’ என்றனர். நம் சித்த மருத்துவர் அதனை மீனம்பர் என்பர். போல்ட்டிக் கடற்கரையிற் கிடைக்கும் பொன்னிற மணியொன்றும், பார்வைக்கு அழகாயினும் மணம் அரிதாயினும், அதே பெயரைப் பெற்றது. வாசனைக் கலைஞர் கூறும் அம்பர் இவ்விரண்டுமன்று. அது மனிதன் கலந்து படைத்த ஒரு மணம்.

அதன் உறுப்புக்கள் மூன்று. முதலாவது, மத்தியதரைக் கடலோரத்திற் புதராக வளரும் சிஸ்ரஸ் செடியின் ‘லப்டானம்’ என்னும் பிசின். இச்செடியை மேயும் ஆட்டுக்கடாக்களின் தாடியில் ஒட்டிய பிசினையே அக்காலத்தார் சேகரித்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியுள்ளார். இரண்டாவது, சுமாத்திராவிலும் லாவோசிலும் கிடைக்கும் சாம்பிராணி. மூன்றாவது, வனிலா. லப்டானம் தோலும் புகையும் கலந்த கருமையைத் தருகின்றது. சாம்பிராணி இளஞ்சூட்டைத் தருகின்றது. வனிலா இனிமையைத் தருகின்றது.

இக்கலவை பெருகுவதற்கு இரசாயன அறிவு துணைபுரிந்தது. ஜெர்மனியில் தீமன், ஹார்மன் என்னும் இருவர் 1874ஆம் ஆண்டில் வனிலாவின் மணத்துக்கு மூலமான வனிலினைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் 1889இல் பாரிஸ் நகரில் ஏமே கெர்லான் ‘ஜிக்கி’ என்னும் பரிமளத்தை அமைத்தார். லவெண்டரின் குளிர்ச்சியையும் வனிலினின் இனிமையையும் ஒருங்கே கொண்ட அதனை ஆடவரும் மகளிரும் பூசினர். அவருடைய சகோதரரின் மகன் ஜாக் கெர்லான் அமைத்த ‘ஷலிமார்’, 1925இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்றது. முகலாயப் பூங்காவொன்றின் பெயரைத் தாங்கிய அது, அம்பர் வகைக்கே ஓர் அடையாளமாயிற்று.

நம் காலத்தில் இவ்வகையில் ஆழ்ந்த செழுமையுடையது, செர்ஜ் லூட்டன்ஸ் என்னும் பிரெஞ்சுக் கலைஞருக்காகக் கிறிஸ்தோபர் ஷெல்டிரேக் அமைத்த ‘அம்பர் சுல்தான்’. லூட்டன்ஸ் மொரோக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் நெடுங்காலம் வாழ்பவர். இப்பரிமளத்திலே பிசின்களின் இனிமைக்கு எதிராக மல்லியும் ஒறிகானோ போன்ற கைப்புடைய இலைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. பூசிய முதற் கணத்தில் அது மருந்துப் பெட்டியைத் திறந்தாற்போலக் கடுமையாயிருக்கும். சிறிது நேரங் கழிந்தபின்னரே அதன் வெதுவெதுப்பு வெளிப்படும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் முன்னே பறந்துபோக, கனத்த மூலக்கூறுகளையுடைய பிசின்கள் பின்னே தங்குவதே இதற்குக் காரணம்.

இது ஆணுக்குரியதா, பெண்ணுக்குரியதா? இருவருக்கும் உரியது என்பதே விடை. 1994இல் கல்வின் கிளைன் நிறுவனம் ‘சி.கே. வன்’ என்னும் பரிமளத்தை இருபாலார்க்கும் பொதுவென வெளியிட்டபோது பலர் அதனைப் புதுமையெனக் கொண்டாடினர். 1889இன் ‘ஜிக்கி’யை அவர்கள் மறந்தனர் போலும்! ‘இது அவனுக்கு, இது அவளுக்கு’ என்று குப்பிகளைப் பிரித்து அடுக்கியது வணிகமேயன்றி மூக்கன்று. நம் கலியாண வீட்டு வாசலிலே பன்னீர்ச்செம்பும் சந்தனக் கும்பாவும் ஆண், பெண் பார்த்தா நீட்டப்படுகின்றன? சந்தனம் பூசிய மார்போடு வீதிவலம் வந்த பாட்டனாரின் பேரன், இனிய வாசனையொன்றை விரும்பினால் அவனை எள்ளி நகையாடுவது எவ்வாறு பொருந்தும்? வீட்டிலுள்ள மூத்தோர் இதனைச் சிந்தித்தல் நன்று. ஒரு சொல்லால் இளம் நெஞ்சம் கூசிப்போவதுண்டு.

ஆயின், அம்பர் எத்தகைய மனத்தினர்க்குப் பொருந்தும்? கண்டவுடன் எல்லோரையும் கவர வேண்டும் என்னும் அவசரமுடையோர்க்கு அது ஏற்றதன்று. எலுமிச்சையும் தோடம்பழமும் மணக்கும் ஓடிக்கொலோன் அவர்களுக்கு உகந்தது. அது சிரித்த முகத்தோடு வந்து விரைவில் விடைபெறும் விருந்தாளி. அம்பரோ அமைதியானவர்களின் மணம். அவையிலே முந்திப் பேசாதவர், முதற் பழக்கத்திற் சற்றுக் கண்டிப்பாகத் தோன்றுபவர், நாட் செல்லச் செல்ல ‘இவர் நெஞ்சம் இத்துணை ஈரமுடையதா!’ என நம்மை வியக்க வைப்பவர் நம் ஒவ்வொருவர் உறவிலும் இருப்பர். அத்தகையோருக்கு அம்பர் இயல்பாக இசையும். இனிமை மட்டுமே உடையது விரைவில் திகட்டும். சிறிது கைப்பும் கலந்த இனிமையே நிலைக்கும். மணத்துக்கும் மனிதர்க்கும் இது பொது விதி.

பூசுவதிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. வெப்ப நாட்டில் உடலின் சூட்டால் வாசனை விரைந்து பரவும். மணிக்கட்டில் ஒரு துளி போதும். நெரிசல் மிக்க பேருந்திலும், வகுப்பறையிலும், நோயாளியைப் பார்க்கச் செல்லும்போதும் அதனைத் தவிர்த்தல் பண்பு. தொய்வு நோயுடையோர்க்குக் கடும் வாசனை துன்பம் விளைக்கும். மாணவர் விலையுயர்ந்த குப்பியை நாடிக் கடன்படவும் வேண்டியதில்லை. கடையிற் காட்டும் முதல் மணத்தில் மயங்காது, கையிற் பூசி, வீடு சென்று, மாலைவரை பொறுத்து, எஞ்சிய மணத்தை நுகர்ந்து பார்த்துத் தீர்மானிப்பதே அறிவுடைமை.

எந்தப் பரிமளமும் இல்லாத குணத்தை ஒருவருக்குத் தந்துவிடாது. பொறுமையற்றவன் அம்பர் பூசினால், பொறுமையற்றவன் மணமாயிருப்பான், அவ்வளவே. ஆனால் ஒரு நல்ல மணம் நமக்கு ஒன்றை நினைவூட்டக்கூடும். நாம் அறையினுள் நுழைந்தபோது எழுந்த வியப்பன்று, நாம் விட்டகன்ற பின் அங்கு எஞ்சியிருப்பது எதுவோ அதுவே நம் உண்மையான மணம்.