கடித்தது மலையிலா, ஊரிலா?

ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து போகும். காய் அதில்தான் பிடிக்கும். காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குத்தவைத்து, உதிர்ந்த சருகுக்குள் கைவிட்டே வேலை பார்க்க வேண்டும். ஆடி, ஆவணி மழையில் தொடங்கி மாசி வரைக்கும் மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே தூருக்குத் திரும்பி வருகிறார்கள். அந்த ஈரச் சருகும் நிழலும்தான் குழிவிரியன்களுக்கும் இருப்பிடம். போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. ஆனால் கடிபட்ட பிறகு செய்யும் காரியங்களில் பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. அதில் போகும் நேரம்தான் உயிரையும் காலையும் கொண்டு போகிறது.

முதல் பழக்கம், கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது. விஷம் மேலே ஏறாமல் தடுக்கலாம் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அரிக்கக்கூடியது. கயிற்றை இறுக்கினால் அந்த விஷம் ஒரே இடத்தில் தேங்கும், ரத்த ஓட்டமும் நிற்கும். பிழைத்தவருக்கும் கை காலில் சதை அழுகிப்போவது இப்படித்தான். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் ஆபத்து வேறு விதம்: கட்டை அவிழ்த்ததும் தேங்கியிருந்த விஷம் மொத்தமாகப் பாய்ந்து மூச்சை நிறுத்திவிடலாம். ஆகவே யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம், மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே பாதுகாப்பு.

அடுத்தது கீறுவது, உறிஞ்சுவது. உறிஞ்சினால் எவ்வளவு விஷம் வெளியே வரும் என்று அமெரிக்காவில் அளந்தே பார்த்துவிட்டார்கள். கதிரியக்க அடையாளமிட்ட போலி விஷத்தைத் தன்னார்வலர்களின் காலில் செலுத்தி, கடையில் விற்கும் உறிஞ்சும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி, வெளியே வந்தது செலுத்தியதில் 0.04 சதவீதம். கருவிக்கே இதுதான் கதி என்றால் வாயால் உறிஞ்சி என்ன ஆகப்போகிறது? கீறினால் தீமையும் சேரும். விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும் என்பதால் பிளேடு பட்ட இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் வடியும்.

மிளகாயைக் கடிக்கக் கொடுத்துக் காரம் தெரிகிறதா, வேப்பிலை கசக்கிறதா என்று பார்ப்பதும், பச்சிலை அரைத்துக் கட்டுவதும், மந்திரிப்பதும் இன்னும் நடக்கின்றன. இவற்றால் குணமானவர்களை நேரில் பார்த்த ஊரார் அதை நம்புவதில் வியப்பில்லை. காரணம் எளிது. இந்தியாவில் உள்ள 300-க்கு மேற்பட்ட பாம்பினங்களில் நச்சுள்ளவை அறுபது சொச்சம்தான். நச்சுப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிக்கும். அந்தக் கடிகளுக்கு எந்த வைத்தியமும் பலித்த மாதிரியே தோன்றும். விஷம் ஏறிய கடியில்தான் குட்டு உடையும். அப்போது மணிக்கணக்கு கழிந்திருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, தைரியம் சொல்ல வேண்டும். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிந்தால் வைப்பது போல ஒரு பட்டையோ கம்போ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, அந்தக் கையோ காலோ அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தசை அசைய அசைய விஷம் பரவும். அதனால் அவரை நடக்கவிடக் கூடாது. ஜீப் வராத சரிவானால் டோலி கட்டித் தூக்கித்தான் இறக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். ஆஸ்திரேலியாவில் கை கால் முழுக்க அழுத்திக் கட்டும் முறை உண்டு. சதையை அரிக்கும் விரியன்கள் மிகுந்த நம் நாட்டுக்கு அது பொருந்தாது.

போடிப் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

இந்திய மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கிலிருந்தும் விஷம் எடுத்துத் தர, அதைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி மருந்து தயாராகிறது. போடியைச் சுற்றிய மாந்தோப்பிலும் சோளக்காட்டிலும் கடிபட்டவர்களுக்கு இந்த மருந்துதான் உயிர் காக்கும்.

நாலாயிரம் அடி ஏறியபின் பாம்புகள் மாறிவிடுகின்றன. பச்சை, பழுப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் வரும் மலபார் குழிவிரியனும், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கி நிற்கும் சிறிய குழிவிரியனும் இந்த மலைத்தொடரின் தோட்டங்களுக்குச் சொந்தம். முதலாவது கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும்தான். மூக்கு தூக்கிய சிறிய பாம்பைத்தான் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் கடி கேரளத்தில் உயிருக்கே ஆபத்தாக முடிந்ததை 2007-இல்தான் மருத்துவ ஆய்விதழ் ஒன்று உறுதி செய்து வெளியிட்டது. அதற்குமுன் அதைச் சுருட்டைவிரியன் என்று தவறாக எண்ணி, குப்பி குப்பியாக விஷமுறிவு மருந்து ஏற்றியிருக்கிறார்கள். அந்த மருந்து இந்தப் பாம்பின் விஷத்தை முறிக்காது. ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிஞ்சும். ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம், டயாலிசிஸ் வரை போகலாம். நச்சுப்பாம்புக் கடிகளில் இதன் கடியே மிகுதியாக உள்ள இலங்கையில் மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

அதனால்தான் போடி அரசு மருத்துவமனைக்கோ, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்ச் சேர்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இடத்தை: ஏலத்தோட்டத்திலா, கீழே வயலிலா, எந்த எஸ்டேட், பகலா இரவா. தூரத்தில் நின்று எடுத்த போட்டோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போகட்டும். பாம்பைத் தேடி அடிக்கப் போனவர் அடுத்த கடி வாங்கிய கதைகள் ஏராளம். வெட்டுண்ட தலைகூடக் கடிக்கும்.

மருத்துவர் உடனே ஊசி போடவில்லையே என்று கூட வந்தவர்கள் சண்டை பிடிப்பது உண்டு. அவர் செய்வதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் வராது. நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. உறைந்துவிட்டாலும் அனுப்பிவிட மாட்டார், ஒரு நாளாவது வைத்திருந்து மறுபடி மறுபடி பார்ப்பார். இமை சரிகிறதா, விழுங்க முடிகிறதா என்று கவனிப்பதும் இதில் சேர்ந்ததுதான். மருந்து தேவைப்பட்டால் குழந்தைக்கும் பெரியவர் அளவேதான், ஏனென்றால் பாம்பு இறக்கும் விஷம் ஆளின் எடையைப் பார்த்துக் குறைவதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் மலைமேல் கேரளத்து இடுக்கியில் கடிபட்டு, கீழே தேனியில் படுத்திருப்பவர் தேனிக் கணக்கில் மட்டும் நின்றுவிடக் கூடாது. கடித்த இடமும் அந்தப் பதிவில் ஏறினால்தான், குழிவிரியனுக்கும் ஒரு விஷமுறிவு மருந்து வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கையில் ஆதாரம் இருக்கும். தோட்டக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: முழங்கால் உயர கம்பூட்டும், கெட்டிக் கையுறையும், கைவிடுமுன் சருகைக் கிளற ஒரு கம்பும் அன்றாடக் கூலிக்கு வருபவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் சிறுநீரைக் கவனியுங்கள். அளவு குறைந்தாலோ, நிறம் கட்டங்காப்பி போல மாறினாலோ, முகமோ காலோ வீங்கினாலோ கூலி போகிறதே என்று மலைக்கு ஏறாமல், அன்றைக்கே திரும்ப மருத்துவமனைக்குப் போய், இன்ன தேதியில் ஏலத்தோட்டத்தில் கடிபட்டது என்று சொல்லுங்கள்.