அலையும் அலுவலும்

கடற்கரைக்குப் போவதில் இருவகை உண்டு. உள்ளூர்க்காரர் மாலை வேளையில் காற்று வாங்கப் போவது ஒன்று. வெளியூர்க்காரர் சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் ஒழித்துக்கொண்டு, மூட்டை முடிச்சுகளோடு, தம்பதி சமேதராய்ப் புறப்படுவது மற்றொன்று. முதல் வகைக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை போதும். இரண்டாம் வகைக்கு எத்தனையோ முஸ்தீபுகள் வேண்டியிருக்கின்றன. அந்த முஸ்தீபுகளெல்லாம் முடிந்து, பெட்டியை மூடப் போகும் சமயத்தில் கடைசியாக ஒன்று உள்ளே நுழைகிறதே, அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அதன் பெயர் அலுவல்.

வக்கீலானால் கட்சிக்காரருடைய கட்டு. உபாத்தியாயரானால் விடைத்தாள் கட்டு. வியாபாரியானால் வரவு செலவுக் கணக்கு. கம்பெனி உத்தியோகஸ்தரானால் மடிக்கணினி. கைப்பேசியோ அழைக்காமலே எல்லாருடனும் வந்துவிடுகிறது. "சும்மா எடுத்து வைக்கிறேன், பிரித்துக்கூடப் பார்க்கமாட்டேன்" என்று சொல்லித்தான் எல்லாரும் எடுத்து வைக்கிறார்கள்.

அப்புறம் நடப்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. கணவர் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அலையின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, எங்கேயோ இருக்கும் ஒரு மானேஜருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவி பத்தடி தள்ளி, இரண்டு ஜோடிச் செருப்புகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருக்கிறாள். சில குடும்பங்களில் உத்தியோகம் மனைவிக்கு, காவல் கணவருக்கு. வேஷம் மாறினாலும் நாடகம் ஒன்றே. ஊர் திரும்பியபின், "கடற்கரை எப்படி?" என்று யாராவது விசாரித்தால், இருவரும் "நன்றாக இருந்தது" என்றே சொல்வார்கள். ஒருவர் கடலைப் பார்க்கவேயில்லை. மற்றவர் கடலைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

"அலுவலை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்" என்று உபதேசம் செய்வது எளிது. பிரான்ஸ் தேசத்தில் 2017-ஆம் ஆண்டு முதல் இதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள், வேலை நேரம் முடிந்தபின் சிப்பந்திகளைத் தொந்தரவு செய்யாமலிருப்பதைக் குறித்து அவர்களுடைய பிரதிநிதிகளோடு கலந்து பேச வேண்டும் என்பது அங்குள்ள விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மில் அநேகருடைய நிலைமை வேறு. அலுவல் இருப்பதனாலேயே அவர்களுக்குப் பிரயாணம் வாய்க்கிறது. காரியாலயம் ரயில் கட்டணம் கொடுப்பதால்தான் கணவர் கடலோரப் பட்டணத்துக்குப் போகிறார். அவர் போவதால்தான் மனைவியும் உடன் செல்கிறாள். அலுவலை விலக்கினால் கடற்கரையும் கூடவே விலகிப் போகும். ஆகையால் இரண்டையும் சண்டையில்லாமல் குடியிருக்கச் செய்யும் வழியை யோசிப்பதே விவேகம்.

1924 ஜனவரியில் காந்தியடிகளுக்குப் பூனா ஆஸ்பத்திரியில் குடல்வால் சிகிச்சை நடந்தது. பிப்ரவரியில் சிறைவாசத்திலிருந்து விடுதலையாகி, உடல் தேறுவதற்காகப் பம்பாயை அடுத்த ஜூஹு கடற்கரையில் வந்து தங்கினார். வந்தது ஓய்வுக்கு. ஆனால் மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாஸும் சட்டசபைப் பிரவேச விவகாரத்தைப் பேச அங்கேயே வந்தார்கள். 'யங் இந்தியா', 'நவஜீவன்' ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியப் பொறுப்பையும் அங்கிருந்தபடியே அவர் மறுபடி ஏற்றுக்கொண்டார். தேசமே அலுவலாக வாய்த்தவருக்கு அது தகும். நம்முடைய அலுவல்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கக் கூடியவை. பொறுக்காதது அலுவலல்ல, நம் மனந்தான்.

அதே பம்பாய்க்குத் தெற்கே, அலிபாக் என்னும் ஊருக்கு அருகில், கிஹிம் என்று ஒரு கடலோரக் கிராமம் இருக்கிறது. 1930-இல் அங்கே ஒரு தம்பதியர் வந்து குடியேறினார்கள். கணவர் சலீம் அலி, பிற்காலத்தில் பறவை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். கையில் உத்தியோகம் இல்லை. மனைவி தெஹ்மினா. வேலையில்லாத காலத்துக் கடற்கரை வாசம் இனிக்குமா என்று நாம் கேட்போம். ஆனால் அங்கே அவர்களுக்குத் தூக்கணாங்குருவிகள் அகப்பட்டன.

தூக்கணாங்குருவிக் கூட்டை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதைக் கட்டுவது ஆண் குருவி. பாதிக் கூடு கட்டியதும் வேலையை நிறுத்திவிட்டுச் சிறகடித்துப் பெண் குருவிகளை அழைக்கிறது. பெண் குருவி வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும், இல்லாவிட்டால் பறந்துவிடும். சம்மதம் கிடைத்த பிறகே ஆண் குருவி மிச்சத்தைக் கட்டி வாசலையும் நீட்டி முடிக்கிறது. முடித்த கையோடு அது என்ன செய்கிறது தெரியுமா? முட்டையையும் குஞ்சுகளையும் பெண் குருவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண் குருவியை அழைக்கப் போய்விடுகிறது! இந்தக் குடும்ப இரகசியத்தைச் சலீம் அலி கண்டறிந்தது அந்தக் கிஹிம் கடற்கரையில்தான். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆராய்ச்சிகளில் அது முக்கியமானது. பின்னர் அவர் நாடெங்கும் பறவைகளைத் தேடிச் சென்ற பிரயாணங்களில், காட்டிலும் கூடாரத்திலும், தெஹ்மினா உடன் இருந்தார். 1939-இல் அந்த அம்மையார் காலமாகும் வரையில் அந்தத் துணை நீடித்தது.

கிஹிமில் அலுவல் பெட்டிக்குள் மறைந்து வரவில்லை. அந்த இடத்திலேயே பிறந்தது. வந்த இடத்து மண்ணோடும் மரத்தோடும் ஒட்டிய அலுவல், கூட வந்தவரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பட்டணத்திலிருந்து சுமந்து வந்த அலுவலோ, கூட வந்தவரை அந்நியராக்கி விடும்.

சுமந்துதான் ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில், ஒரு வெள்ளியும் சனியும், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். இரண்டு பெரிய தேசங்களின் விவகாரத்தைவிடப் பெரிய அலுவல் ஒன்று இருக்க முடியுமா? ஆயினும் வெள்ளிக்கிழமை மாலையில் அர்ஜுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்கள், இளநீர் அருந்தினார்கள். மறுநாள் கோவளத்தில் ஓர் ஹோட்டலில் உட்கார்ந்து பேசினார்கள். சிற்பத்துக்கு ஒரு வேளை, பேச்சுக்கு ஒரு வேளை. இராஜாங்கத்துக்கு முடிகிற காரியம் இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு முடியாதா?

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடற்கரைக்கு அலுவலை எடுத்துப் போகிறவர் சம்பளம் வாங்குகிறவர் மட்டுமல்ல. புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய், வெந்நீர்க் குடுவை, மாத்திரை, மாற்றுடை, ஈரத் துணிக்கு ஒரு பை. இத்தனையும் யாருடைய அலுவல்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமையலறையில் நின்றவள், கடற்கரையிலும் பாத்திரத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். அவளுடைய சமையலறை அவளோடு மணலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விடைத்தாளும் திருத்திச் சமையலும் செய்கிற என்போன்றவர்களுக்கு இரட்டைச் சுமை. கணவருடைய கைப்பேசியைப் பற்றிக் குறை சொல்லும்போது இந்தத் தூக்குப் பாத்திரத்தையும் நினைக்க வேண்டும். ஒரு நாள் இட்டிலியை ஹோட்டலில் சாப்பிட்டால் குலம் கெட்டுவிடாது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போகத் தீர்மானமாயிற்று. முன்கூட்டி ஓர் ஆசிரியை போய் இடத்தைப் பார்த்து வர வேண்டும். அந்த அலுவல் எனக்கு வந்தது. "சனி, ஞாயிறுதானே, நானும் வருகிறேன்" என்று என் கணவரும் புறப்பட்டார். அவர் வங்கி ஊழியர். கூட்டல் கழித்தலைத் தவிர வேறெதையும் அவர் பேசிக் கேட்பது அபூர்வம்.

"உன் வேலை எத்தனை மணி நேரம்?" என்று அவர் பஸ்ஸிலேயே கேட்டார்.

"சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் முடித்துவிடுவேன். நீங்கள் அதுவரை என்ன செய்வீர்கள்?"

"எனக்கும் அதில் ஒரு பங்கு கொடு."

நான் குறிப்புப் புத்தகமும் கையுமாக நடந்தேன். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர் கட்டிய கோட்டை. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் நினைவுகள். அவர் மொழிபெயர்ப்பில் 1715-இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. 1845-இல் ஆங்கிலேயருக்கு ஊர் விற்கப்பட்ட கதை. கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை எல்லாம் என் புத்தகத்தில் ஏறின.

அவர் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்களோடு உட்கார்ந்துவிட்டார். மாலையில் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் ஐந்தே வரிகள்: "கல் கொட்டிய இடத்தில் பிள்ளைகள் இறங்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அழைத்து வரவே கூடாது. குடிதண்ணீர் கொண்டுவர வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பிடம் விசாரித்து வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிக் கேட்க வேண்டுமானால் பெரியவர்களிடம் மெதுவாகக் கேட்க வேண்டும்." சுனாமியில் அந்த ஊர் பட்ட பாட்டை ஒரு கிழவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு பிள்ளைகளோடு போனபோது நான் முதலில் எடுத்தது அந்தக் காகிதத்தைத்தான். 1620 அப்புறம் வந்தது.

மறுநாள் விடியற்காலை புத்தகத்தை அறையில் வைத்துவிட்டு இருவரும் கடலோரம் போய் உட்கார்ந்தோம். தனியே இருந்த என் மாமியாரை எங்களோடு அழைத்து வைத்துக்கொள்வது பற்றி வீட்டில் ஆறு மாதமாகப் பேச ஆரம்பித்து ஆரம்பித்து நின்று போயிருந்தது. குக்கர் சத்தத்துக்கும் பஸ் நேரத்துக்கும் இடையே அது முடிகிற பேச்சல்ல. சூரியன் ஒரு பனை உயரம் வருவதற்குள் அங்கே அது முடிந்தது. அடுத்த மாதம் அவர் எங்களோடு வந்துவிட்டார்.

கடல்தானே நமக்கு ஒரு கால அட்டவணை வகுத்துக் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். நம் கீழைக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆகவே விடியற்காலையை அலுவலுக்குக் கொடுப்பது பாவம். பத்து மணிக்குமேல் மணல் கொதிக்கிறது. மூன்று மணி வரை வெளியே நிற்க முடியாது. தரை சூடேறி, அதன்மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று கரைக்கு வருகிறது. கணக்கோ கட்டோ எதுவானாலும் அந்த நடுப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிடலாம். மாலையில் காற்று நம்மை வெளியே கூப்பிடும்போது காகிதத்தை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காற்றே அதைப் பறக்கடித்து விடும்.

புறப்படும் முன்பே மூன்று சங்கதிகளைப் பேசிக்கொள்வது உத்தமம். எந்த அலுவல் வருகிறது, எத்தனை மணி நேரம் அதற்கு, அதில் துணைவருக்கு ஏதாவது பங்கு உண்டா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், அந்த நேரத்தில் துணைவர் எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். செருப்புக் காப்பதற்காக யாரும் நூறு மைல் பிரயாணம் செய்வதில்லை.