எஃபிகஸி: 95 சதவீதம் என்றால் என்ன?

2021ல் எங்க வீட்டில் தடுப்பூசிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஃபைசர் ஊசிக்கு 95 சதவீத செயல்திறன் என்று செய்தியில் படித்துவிட்டு அம்மா கேட்டாங்க: "அப்படின்னா நூறு பேருக்குப் போட்டா அஞ்சு பேருக்கு நோய் வந்துடுமாப்பா?" நானும் "ஆமாம்மா"ன்னு சொல்லிட்டேன். தப்பு. பிறகுதான் சொல்லைத் தோண்டிப் பார்த்தேன்.

அங்கே "செயல்திறன்" என்று தமிழாக்கியிருந்தது எஃபிகஸி என்ற ஆங்கிலச் சொல்லை. மூலம் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து 'எஃபிக்கெரே': செய்து முடித்தல், விளைவைக் கொண்டுவருதல். ஃபேக்டரி, டிஃபெக்ட், பெர்ஃபெக்ட் எல்லாம் இதே ஃபாக்கெரேயின் பிள்ளைகள்தான். எஃபெக்டிவ்னெஸ், எஃபிஷியன்சி இரண்டும் எஃபிகஸியின் கூடப்பிறந்தவை.

இப்போ கணக்குக்கு வருவோம். 2020 டிசம்பரில் வெளியான அந்தச் சோதனை முடிவில் இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 18,000 பேருக்கு மேல். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 162 பேருக்கு நோய் வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கு. 162 வரவேண்டிய இடத்தில் 8, அதாவது 95 சதவீதம் குறைவு. அவ்வளவுதான் அந்த எண். அம்மாவும் நானும் நினைத்தபடி என்றால் 900 பேருக்கு வந்திருக்கணும்!

இதைச் சொன்னதும் அம்மா விடலை. "சரி, அது சோதனையில. நம்ம தெருவுல?"

சரியான கேள்வி. கட்டுப்பாடான சோதனையில் கிடைக்கும் பலன் எஃபிகஸி. வயசானவங்க, சர்க்கரை வியாதிக்காரங்க, இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போட்டவங்க எல்லாரும் கலந்த நிஜ உலகத்தில் கிடைக்கும் பலன் எஃபெக்டிவ்னெஸ். செலவழித்ததற்கு எவ்வளவு கிடைத்தது என்பது எஃபிஷியன்சி. என் தொழிலில் சொன்னால், தப்பான விடையைச் சட்டென்று கொடுக்கும் ப்ரோகிராமுக்கு எஃபிஷியன்சி இருக்கலாம், எஃபெக்டிவ்னெஸ் கிடையாது.

நாம் பெரும்பாலும் மூன்றுக்கும் "செயல்திறன்" என்றே எழுதிவிடுகிறோம். இலங்கைத் தமிழில் எஃபிஷியன்சிக்கு வினைத்திறன், எஃபெக்டிவ்னெஸுக்கு விளைதிறன் என்று பிரித்து எழுதுகிறார்கள். வினை என்பது செய்கை, விளைதல் என்பது பலன் தருதல். எழுத்தில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பொருள் தெளிவு. எஃபிகஸிக்கும் இப்படி ஒரு தனிச்சொல் புழக்கத்தில் இருந்திருந்தால், அன்னைக்கு அம்மாவுக்குத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன்.